யார் பிள்ளை யார் பிள்ளையோடு உட்காருகிறது?

பள்ளிக்கூடத்தைப் பற்றிய அரசியல் விவாதம் நம்மிடையே பாடப்புத்தகத்தில் தொடங்கிப் பாடப்புத்தகத்திலேயே முடிந்துவிடுகிறது. ஓர் ஆட்சியின் கொள்கையை அறிய, அதன் பள்ளிகளில் யார் பிள்ளை யார் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறது என்று பார்த்தாலே போதும் என்பது என் எண்ணம்.

1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி, கிராமப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழில். பள்ளிக் கட்டடமும் ஆசிரியரும் போதாத காலத்தில் அது சிக்கனமான ஏற்பாடாகவே முன்வைக்கப்பட்டது. ஆதரித்தவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதை எங்கள் வடாற்காட்டில் வைத்துப் பாருங்கள். பேரணாம்பட்டுப் பக்கம் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை இழுத்துப்போடுகிறவரின் மகன் மீதி நேரத்தில் எதைக் கற்றிருப்பான், அந்தத் தோலுக்குக் கணக்கு எழுதுகிறவரின் மகன் எதைக் கற்றிருப்பான்? 1954-இல் முதல்வரான காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். பிறகு வந்த மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-இல் காலை உணவு என, கட்சிகள் மாறினாலும் பிள்ளையைப் பள்ளிக்குள் கொண்டுவருவது என்ற கொள்கை மாறவில்லை.

உள்ளே வந்த பிறகு எந்தப் பள்ளி என்ற கேள்வியில்தான் எல்லாக் கட்சிகளும் சந்தைக்கு வழிவிட்டன. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்றிருந்த நான்கையும் இணைக்க 2010-இல் சட்டம் வந்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. சமமானது புத்தகம் மட்டுமே. வசதியுள்ள பள்ளிகள் பல, மெல்ல சி.பி.எஸ்.இ. பக்கம் நகர்ந்துகொண்டன.

இன்று குடியாத்தத்தில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் அக்கா, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வாங்கும் கூலியில் வேன் கட்டணத்துக்குத் தனியாக எடுத்துவைக்கிறார். தெருமுனை அரசுப் பள்ளியில் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். டையும் ஷூவும் போட்ட பிள்ளைகளோடு தன் பிள்ளையும் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர் பணம் கட்டுகிறார், அதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

தென் அமெரிக்க நாடான சிலியில் 1981-இல் பினோசேயின் இராணுவ ஆட்சி இந்த விருப்பத்தையே கொள்கையாக்கியது. பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறதோ, தனியார் பள்ளியானாலும், அரசுப் பணம் அங்கே போகும். ஏழைகள் ஒரு பக்கமும் வசதியுள்ளவர்கள் மறுபக்கமும் ஒதுங்கினார்கள். 2006-இல் பள்ளி மாணவர்களே தெருவில் இறங்கினார்கள். நம் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 விழுக்காடு இடங்களிலும் அரசுப் பணம் தனியார் பள்ளிக்குப் போகிறது என்றாலும், ஏழைப் பிள்ளையை வசதியுள்ள பிள்ளையின் பக்கத்தில் உட்கார வைப்பதே அதன் நோக்கம் என்பதால் நான் அதை முழுதாக எதிர்க்க மாட்டேன். இருந்தும் அது பீடி சுற்றும் அக்காவுக்குக் குலுக்கல் சீட்டைத்தான் தருகிறது. எல்லாப் பிள்ளைகளும் அருகிலுள்ள ஒரே பொதுப்பள்ளியில் படிக்க வேண்டும் என்று 1966-இலேயே ஒன்றிய அரசு அமைத்த கோத்தாரி கல்வி ஆணையம் சொல்லியும் கோப்பு அசையவில்லை. ஃபின்லாந்து 1970-களில் அதைச் செய்துவிட்டது.

நம் ஊரில் பிரிவு ஒன்றாம் வகுப்பில் தொடங்குவதில்லை, எல்.கே.ஜி.யில் தொடங்குகிறது. அரசுப் பள்ளி ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கதவைத் திறக்கும்போது, மூன்று வயதிலேயே வேனில் ஏறிய பிள்ளை திரும்பி வருவதில்லை. 2019-இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது சரியான இடத்தில் கைவைத்த முயற்சி. 2022-இல் அதையும் நிறுத்தப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்தபின் தொடர்ந்தார்கள். சமூகநீதி பேசும் எந்த அரசு வந்தாலும், அதன் நிதிநிலை அறிக்கையில் நான் முதலில் தேடப்போவது இந்த வகுப்புகளுக்கான நிரந்தர ஆசிரியர் பணியிடங்களைத்தான்.