இரவில் கண்ணை நம்பி மட்டும் இறங்கச் சொல்லாதீர்கள்

கடல் நடுவே எண்ணெய் மேடைக்குப் போகும் ஹெலிகாப்டர் இரவில் விழுந்தால் உடனே "பைலட் தப்பு" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

2009 பிப்ரவரி 18, வட கடல். 18 பேரோடு ஈடாப் எண்ணெய் மேடையை நெருங்கிய சூப்பர் பூமா ஹெலிகாப்டர், மேடை கண்ணெதிரே தெரிந்துகொண்டிருக்கும்போதே கடலில் போய் மோதியது. பனிமூட்டமோ தாழ்ந்த மேகமோ மேடையின் வெளிச்சத்தை மங்கலாக்கியிருந்தது, இரண்டு பைலட்டுகளும் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், மீட்டர்களைக் கவனிக்க ஆள் இல்லை, கடலை நோக்கி இறங்குகிறோம் என்பது இருவருக்குமே தெரியவில்லை. உயரம் குறைந்தால் குரல் கொடுக்க வேண்டிய கருவியும் பேசவில்லை. நல்லவேளை, 18 பேரும் பிழைத்தார்கள். ஆனால் விசாரணை அறிக்கையில் என்னை உறுத்துவது வேறு: இரவில் கண்ணால் பார்த்து இறங்குவதற்கு, இன்ன தூரத்தில் இன்ன உயரம், இன்ன வேகம் என்று ஒரு வரையறையே அவர்களுக்குத் தரப்பட்டிருக்கவில்லை!

நிலா இல்லாத இரவில் அடிவானம் கிடையாது, கடலும் வானமும் ஒரே கறுப்பு, அதன் நடுவே ஒரு வெளிச்சத் திட்டு மட்டும். மேடையில் ஹெலிகாப்டர் இறங்கும் தளத்தைச் சுற்றியுள்ள பச்சை விளக்குகள் எவ்வளவு சப்பையான நீள்வட்டமாகத் தெரிகின்றன என்பதை வைத்துத்தான் இறங்கும் கோணத்தைக் கணிக்க வேண்டும். வேகம் குறையும்போது உடம்பும் பொய் சொல்லும், மூக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்றே குழம்பிவிடும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

இதற்கு முன்பே, 2006 டிசம்பர் 27 இரவு, இங்கிலாந்தின் மோர்காம்பே விரிகுடாவில் மேடையில் இறங்கப் போன இன்னொரு ஹெலிகாப்டரின் துணை பைலட் தடுமாறி உதவி கேட்டார், கேப்டன் கட்டுப்பாட்டை வாங்குவதற்குள் சில நொடிகள் போய்விட்டன. 7 பேர் இறந்தார்கள். தளம் இருட்டில் தெளிவாகத் தெரிய, அதில் வட்டமும் எச் எழுத்தும் ஒளிரும் விளக்குகள் பிரிட்டன் கடற்பகுதியில் கட்டாயமானது 2018-ல்தான். அத்தனை வருடம் எதற்கு?

நம் அரபிக்கடல் எண்ணெய் வயலான மும்பை ஹையிலும் 2015 நவம்பரில், இரவில் இறங்கும் பயிற்சியின்போதே இரண்டு பைலட்டுகளை இழந்தோம். அதனால் கேட்கிறேன்: வட்டமும் எச்சும் ஒளிரும் அந்த விளக்குகள் இல்லாத மேடைக்கு இரவில் பயணிகளை ஏற்றிப் போகவே கூடாது. ஒரு பைலட்டின் கண் கடைசிவரை மீட்டரை விட்டு விலகக் கூடாது, உயரமோ வேகமோ சொன்ன அளவை மீறினால் பேச்சே இல்லை, மேலே ஏறிவிட வேண்டும். அப்புறம், இறங்காமல் திரும்பி வந்த பைலட்டிடம் எந்த கம்பெனியும் ஏன் என்று விளக்கம் கேட்கக் கூடாது.