ஆழத்தைப் படம் பிடித்துப் போடாதீர்கள்

பெங்களூரில் இருந்துகொண்டு ஸ்கூபா டைவிங் போகிற தமிழ்ப் பிள்ளைகள் இப்போது நிறைய. அதைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. அதனால் நீளமாகவே எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில நாட்களாக என் டைம்லைனில் ஒரு படம் சுற்றுகிறது. மணிக்கட்டில் ஆழத்தைக் காட்டும் டைவ் கம்ப்யூட்டர், திரையில் 42 மீட்டர், பக்கத்தில் இரண்டு விரலை விரித்துக் காட்டும் இன்னொரு கை. போட்டவர் இங்கே எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் வேலை பார்க்கும் நம் ஊர்த் தம்பி. விடுமுறைக்கு வெளிநாடு போன இடத்தில் எடுத்தது. அவரிடம் இருப்பது ஓப்பன் வாட்டர் அட்டை, அதாவது ஸ்கூபாவில் முதல் கட்டப் பயிற்சி முடித்ததற்கான சான்று. அந்த அட்டைக்கு எல்லை 18 மீட்டர், எங்கள் தூத்துக்குடிக் கணக்கில் பத்து பாகம் (இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்). அடுத்த கட்டமான அட்வான்ஸ்டு படித்து முடித்தால் 30. பொழுதுபோக்கு டைவிங் மொத்தத்துக்கும் கடைசி எல்லையே 40 மீட்டர்தான். கர்நாடகக் கரையில் முருதேஸ்வரத்தில் கடலோரம் உட்கார்ந்திருக்கும் சிவன் சிலை 123 அடி. அதை நீரில் இறக்கினால் அதன் தலைக்கு மேல் இன்னும் நாலரை மீட்டர் தண்ணீர் நிற்கும், அவ்வளவு ஆழம் போயிருக்கிறார்.

கீழே வரிசையாக "செம ப்ரோ", "கெத்து", "மரண மாஸ்". நடுவில் ஒரு பையன் கேட்டிருக்கிறான்: "ப்ரோ, நான் போன மாசம்தான் கார்டு வாங்கினேன், நானும் போலாமா?" அதற்குப் பதில்: "பயம் இல்லேன்னா போலாம்."

இந்தப் பதில்தான் என்னை எழுத வைத்தது. படம் போட்டவர் பிழைத்து மேலே வந்துவிட்டார். கேட்ட பையன் அடுத்த விடுமுறையில் எங்கேயோ இறங்கப்போகிறான், அவனுக்குக் கிடைத்திருக்கும் ஒரே பாடம் இந்த ஒரு வரி.

பயத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை தம்பி. கணக்கு இது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 40 மீட்டரில் மேலே இருப்பதைப் போல ஐந்து மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் சிலிண்டரிலிருந்து ஐந்து மடங்கு காற்று போகும். 12 லிட்டர் சிலிண்டரை 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் உள்ளே இருப்பது 2400 லிட்டர் காற்று. கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்குகிறவர் அங்கே 100 லிட்டர் வாங்குவார். 24 நிமிடத்தில் சிலிண்டர் சுத்தமாகக் காலி. அந்தக் காற்றுக்குள்தான் நிதானமாக மேலேறி வரவும் வேண்டும், உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற 5 மீட்டரில் மூன்று நிமிடம் சேஃப்டி ஸ்டாப் நிற்கவும் வேண்டும். புதிதாக இறங்குகிறவன் பதறினால் மூச்சு இரட்டிப்பாகும், அப்போது 12 நிமிடம்கூடத் தாங்காது.

இன்னொன்று. அவர் தன் பதிவில் எழுதியிருக்கிறார்: "கீழ போனதும் தனி சந்தோஷம், சிரிப்பு சிரிப்பா வந்துச்சு." அத்தனை பேர் லைக் போட்ட வரி அது. அந்தச் சிரிப்பு என்னவென்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஏறக்குறைய 30 மீட்டரைத் தாண்டினால் நாம் சுவாசிக்கும் காற்றில் உள்ள நைட்ரஜனே மூளையை மயக்க ஆரம்பிக்கும். குடித்தவனுக்கு வரும் அதே தைரியம், அதே அசட்டை. அழுத்தமானியில் காற்று எவ்வளவு மிச்சம் என்று பார்க்கத் தோன்றாது, பார்த்தாலும் மனதில் நிற்காது. சில மீட்டர் மேலே ஏறினாலே தெளிந்துவிடும். ஆனால் ஏற வேண்டும் என்று தோன்றுவதற்கே தெளிவு வேண்டுமே.

எகிப்தில் தஹாப் என்ற ஊரில் புளூ ஹோல் என்றொரு ஆழமான கடற்குழி இருக்கிறது. ஐம்பது மீட்டருக்கும் கீழே, பாறையில் கடலுக்குத் திறக்கும் ஒரு வளைவு. அதைத் தாண்டி வந்தேன் என்று சொல்லிக்கொள்வதற்காகவே உலகம் முழுவதிலிருந்தும் வந்து செத்தவர்களின் நினைவுக் கற்கள் கரைப் பாறையில் பதிக்கப்பட்டிருக்கின்றன. 2000-ல் அங்கே இறந்த ஒருவர் டைவிங் இன்ஸ்ட்ரக்டர், வயது 22. ஒரே ஒரு சிலிண்டரோடு இறங்கியவர் நிற்க முடியாமல் 91 மீட்டர் வரை போய்விட்டார். தலையில் மாட்டியிருந்த கேமரா கடைசிவரை ஓடியது. அந்த வீடியோ இணையத்தில் கிடக்கிறது. தேடிப் பார்க்கச் சொல்லவில்லை. பயிற்சி கொடுக்கும் தகுதியுள்ளவருக்கே அந்தக் கதி என்பதற்காகச் சொல்கிறேன். மெக்சிகோவிலும் ஃப்ளோரிடாவிலும் நீருக்கடியில் குகை வாசல்களில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். எமன் படம் போட்டு, இதற்கு மேல் போகாதே, இன்ஸ்ட்ரக்டர்களும் இதுபோன்ற குகைகளில் செத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கும்.

நாற்பது மீட்டரெல்லாம் நாங்கள் போவதில்லை, பத்து மீட்டரில்தான் ரீல் எடுக்கிறோம் என்பார்கள் சிலர். ஸ்கூபாவில் முதல் விதி, எந்த நேரத்திலும் மூச்சை அடக்காதே என்பது. கேமரா பிடிக்கிறவர்கள் குமிழி படத்தை மறைக்கக் கூடாது, கை ஆடக் கூடாது என்று அதைத்தான் முதலில் மீறுகிறார்கள். பத்து மீட்டரில் நுரையீரலில் நிறைந்திருக்கும் காற்று மேற்பரப்புக்கு வந்தால் இரண்டு மடங்காகும். மூச்சை அடக்கியபடி இரண்டு மீட்டருக்கும் குறைவாக மேலே மிதந்தாலே நுரையீரல் கிழியலாம். ஆழம் குறைந்த இடத்தில்தான் இந்த ஆபத்து அதிகம்.

அட்டை எதுவும் இல்லாமல் முதல் முறை போகிறவர்களை 12 மீட்டருக்குள் இன்ஸ்ட்ரக்டர் கையில் பிடித்தபடி கூட்டிப்போக வேண்டும். இப்போது "வீடியோ இலவசம்" என்பதைச் சொல்லித்தான் அந்த டைவை விற்கிறார்கள். அந்த வீடியோவை எடுப்பது யார்? அதே இன்ஸ்ட்ரக்டர், ஒரு கையில் கோப்ரோ கேமராவோடு. நான் பார்த்த ஒரு இடத்தில், உடல்நலப் படிவத்தில் ஆஸ்துமா என்று நேர்மையாக எழுதிய பெண்ணிடம் அதை அடித்துவிட்டு "இல்லை" என்று போடச் சொன்னார்கள். காசு கட்டியாயிற்று, படகு காத்திருக்கிறது, வீடியோ வேண்டாமா என்றார்கள். அந்தப் பெண் இறங்கவில்லை. கூட வந்தவர்கள் அவளைக் கேலி செய்தார்கள். அன்றைக்கு அந்தப் படகில் இருந்தவர்களிலேயே தைரியசாலி அவள்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

என் சித்தப்பா தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். கம்ப்ரசர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு வயிற்றுப்பாட்டுக்காக இறங்கியவர்களோடு வாழ்ந்தவர், மூட்டு இறுகியும் கால் மரத்தும் கரையேறியவர்களைப் பார்த்தவர். எவ்வளவு ஆழம் போனேன் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. "யாரு கயிறு பிடிக்கான்னு பாத்துட்டுத்தாம்ல எறங்குவோம்" என்பார். முத்துக்குளித்த காலத்தில் கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள், தன் அக்கா தங்கை தாலிக்காகவாவது அவன் கண்ணை எடுக்க மாட்டான் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். இன்றைய ஸ்கூபாவில் ஜோடியாக இறங்க வேண்டும் என்று பாடப் புத்தகத்தில் இருப்பதும் அதற்காகத்தான். உன் ஜோடி உன்னைப் பார்க்காமல் உன்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்தால், நீ தனியாகத்தான் இறங்கியிருக்கிறாய்.

கடலட்டையைக் கையில் தூக்கிக் காட்டுவது, பேத்தை மீனைச் சீண்டி உப்ப வைப்பது, பவளப்பாறையில் ஏறி நிற்பது, இதெல்லாம் வேறு. கடலட்டையும் பவளமும் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

பெங்களூர் போல உயரத்தில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. நம் வார இறுதிப் பயணம் இப்படித்தான்: வெள்ளி இரவு பஸ், சனியும் ஞாயிறும் முருதேஸ்வரத்துக்கு எதிரே கடலில் இருக்கும் நேத்ராணித் தீவில் டைவ், ஞாயிறு சாயங்காலமே திரும்பும் பஸ், திங்கள் காலை ஆபீஸ். டைவ் முடித்து 12 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது, பல டைவ் செய்திருந்தால் குறைந்தது 18 மணி நேரம் என்பது டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்லும் கணக்கு. பறக்கத்தானே கூடாது, பஸ்தானே என்கிறோம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்தக் கணக்கு 2000 அடி உயரத்திலிருந்தே பொருந்தும், நம் ஊர் ஏறக்குறைய 3000 அடி. ஹொன்னாவரம் தாண்டி கெருசொப்பா மலைப்பாதையில் ஏறும்போது பையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜனும் அழுத்தம் குறையக் குறையக் குமிழியாகப் பார்க்கும். நடு இரவில் தோள் வலிக்கும், விரல் மரத்துப்போகும். ஸ்லீப்பர் பஸ்ஸில் கோணலாகப் படுத்ததால் வந்தது என்று நினைத்து மறுபடி தூங்கிவிடுவோம். அது அந்த நைட்ரஜன் குமிழியால் வந்ததாக இருந்தால் வேண்டியது சுத்த ஆக்ஸிஜன், பிறகு அழுத்த அறை சிகிச்சை. இரண்டும் அந்தப் பஸ்ஸில் இல்லை.

டைவ் படங்களே போடாதீர்கள் என்று கேட்கவில்லை. ஆமையைப் போடுங்கள், மீன் கூட்டத்தைப் போடுங்கள். ஆழக் கணக்கைப் போடாதீர்கள். நீவாடு (நீரோட்டம்) பலமாக இருந்ததால் இறங்காமல் திரும்பினோம், காது வலித்ததால் பாதியில் ஏறிவிட்டேன் என்பதையும் எழுதுங்கள். புதிதாக அட்டை வாங்கியவர்கள் படிக்க வேண்டியது அதைத்தான். யாராவது 42 மீட்டர் படம் போட்டால் லைக்குக்குப் பதில், உங்கள் அட்டைக்கு எல்லை எவ்வளவு என்று எல்லோர் முன்னாலும் கேளுங்கள். நான் கேட்டேன். அவர் என்னை பிளாக் செய்துவிட்டார். அந்த இளைய பையனுக்குத் தனியாக இந்தக் கணக்கையெல்லாம் எழுதி அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

வார இறுதிக் குழு நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் அக்டோபரில் நேத்ராணி சீசன் அறிவிப்பு போடும்போது திரும்பும் பஸ் நேரத்தையும் பெரிதாகப் போடுங்கள். சனிக்கிழமை மதியத்தோடு டைவ் முடிந்தது, ஞாயிறு காலை பத்து மணிக்குத்தான் பஸ் என்று அறிவிக்கிற முதல் குழுவின் பதிவை என் பக்கத்தில் நானே பகிர்கிறேன்.