தனி ஆட்டம் என்றால் தனி ஆட்டம்தான்

நேற்று ராத்திரி அகர்.ஐஓ என்ற இணைய விளையாட்டில் நம் குழுவில் ரெண்டு பேர் கூட்டு சேர்ந்து என்னை விழுங்கியதை எல்லாரும் பார்த்தீர்கள். முன்னணியில் இருப்பவர்களைக் காட்டும் லீடர்போர்டு படத்தையும் அதன் கீழே குவிந்த சிரிப்பு எமோஜிகளையும் சேர்த்துத்தான். அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. தனித்தனியாக ஆடும் ஆட்டத்தில் ரெண்டு பேர் கூட்டு சேர்ந்து மூன்றாமவரை விழுங்குவது திறமை இல்லை, ஏமாற்று வேலை. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வட்டம் வட்டமாக ஓடுகிற பொழுதுபோக்கு என்று இதை நினைப்பவர்கள் உள்ளே இருக்கும் கணக்கைக் கவனித்ததே இல்லை. 2015-இல் மேத்தியஸ் வலதாரெஸ் என்ற பிரேசில்காரர் 19 வயதில் செய்த ஆட்டம் இது. ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்க்கும் அகர் தட்டுதான் களம், அதில் நீங்கள் ஒரு செல். புள்ளிகளைத் தின்று வளரலாம், உங்களைவிடச் சின்ன செல்லை விழுங்கலாம். ஆனால் வளர வளர வேகம் குறையும், எடையும் தானாகக் கரையும். ஓடுகிறவனைப் பிடிக்க ஸ்பேஸ் பாரைத் தட்டினால் உடம்பு ரெண்டாகி ஒரு பாதி பாயும். மறுபடி ஒன்றுசேர அரை நிமிடமாவது ஆகும், அதுவரை நீங்களே யாருக்கோ இரை. பச்சை முள் வைரஸில் பெரியவன் மோதினால் சிதறிப்போவான், சின்னவன் அதன் பின்னாலேயே ஒளிந்துகொள்ளலாம். பெரியவனுக்கும் பயம் உண்டு, சின்னவனுக்கும் வழி உண்டு. இந்த ஆட்டத்தின் அழகே அதுதான்.

கூட்டு சேர்ந்தால் அத்தனையும் பாழ். ஒருவர் பாய்ந்து உடைந்து நின்றால், மற்றவர் டபிள்யூ விசையைத் தட்டித் தட்டித் தன் எடையை ஊட்டி அவரை நிமிர்த்திவிடுகிறார். அப்புறம் முதலிடம் வந்து என்ன பெருமை?

"பாக்டீரியாவே கூட்டாகத்தானே வாழுது" என்று ஒருவர் அறிவியல் எழுதியிருந்தார். உண்மைதான். பயோஃபிலிம் என்ற ஒட்டும் படலம் கட்டிச் சேர்ந்து வாழும், வேதிப்பொருள் விட்டு ஒன்றுக்கொன்று தகவல் சொல்லும். பக்கத்தில் இருப்பதைக் கொல்ல பாக்டீரியோசின் என்ற நஞ்சையும் விடும். சரி, அதற்கென்ன? எந்த பாக்டீரியாவும் "இன்று தனித்தனியாக ஆடுவோம்" என்று நம் குழுவில் சம்மதம் சொல்லவில்லை. நீங்கள் சொன்னீர்கள். கூட்டாக ஆட ஆசையென்றால் சிவப்பு, பச்சை, நீலம் என்று டீம் மோடே இருக்கிறது. அங்கே ஆடலாமே.

"வெறும் கேம்தானே, இதுக்குப் போயா?" என்கிறார்கள். அக்கா மகனுக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பயந்த சுபாவம். வைரஸ் ஓரமாகவே பதுங்கி, துரத்தி வந்த பெரிய செல்லை அதில் மோதவிட்டு, சிதறிய துண்டுகளைத் தின்றே ஒரு நாள் லீடர்போர்டில் பத்தாவதாக வந்துவிட்டான். அவன் முகத்தைப் பார்த்திருக்கணும்! கொஞ்ச நேரத்தில் முன்பின் தெரியாத ரெண்டு பேர் இரண்டு பக்கமும் நெருக்கி மூலையில் வைத்து முடித்தார்கள். அழவில்லை. "மாமா, அவங்க ரெண்டு பேரும் ஏன் ஒருத்தரை ஒருத்தர் சாப்பிடலை?" என்று கேட்டான். அதோடு சரி, திரும்ப ஆடவே இல்லை.

அவர்களாவது முகம் தெரியாதவர்கள். நேற்று என்னை வளைத்தது என் ஆட்கள். அதில் ஒருவருக்கு எப்போது ஸ்பிளிட் செய்ய வேண்டும், அதாவது உடம்பை ரெண்டாக்கிப் பாய வேண்டும் என்று ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவன் நான். தோற்ற கடுப்பில் எழுதுகிறேன் என்பீர்கள். எத்தனையோ முறை தோற்றிருக்கிறேன், ஒரு தடவையாவது இப்படி எழுதினேனா? தனியாக வந்து விழுங்கியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன். முன்னாடியே போனில் பேசிவைத்துக்கொண்டு வந்தீர்கள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. போதாக்குறைக்கு "குருவுக்கே அல்வா" என்று ஒரு வரி வேறு.

சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறீர்கள். டீம் மோடு என்றால் வருகிறேன், யார் பக்கம் போட்டாலும் ஆடுகிறேன். தனி ஆட்டம் என்று சொல்லிவிட்டு மறுபடி இதே கூத்து என்றால் என்னைக் கூப்பிடாதீர்கள்.