கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவந்திருக்க வேண்டும்

மெடிக்கல் மாணவர்கள் நாம் சனிக்கிழமை தேயிலைத் தோட்டத்தில் நடத்திய மருத்துவக் கேம்ப்பில் நடந்தது இங்கே இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். நான் இங்கே போட்ட படத்தை நீக்கச் சொல்லி நேற்று இரவு வரை ஏழு பேர் மெசேஜ் அனுப்பிவிட்டார்கள். நீக்க மாட்டேன். ஏன் என்று ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

படத்தில் இருப்பது நாம் சாப்பிட்ட லன்ச் சீட், பார்சல் சோறு சுற்றி வந்த பொலித்தீன் தாள். தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளை மடுவத்துக்குப் பின்னால், தண்ணீர் ஓடுகிற கானில் கிடந்தது. எண்ணினேன், 38. யோகட் கப்பும் ஏறக்குறைய அவ்வளவு. சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்புதான் அதே மடுவத்தில் டெங்கு பற்றியும் பொலித்தீன் பற்றியும் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற தோட்டத்துச் சனத்துக்கு வகுப்பு எடுத்தோம். தமிழில் சொன்னது நான்தான். 2017இல் நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு டெங்கு வந்தது, 400 பேருக்கு மேல் செத்தார்கள், ஒரு யோகட் கப்பில் தேங்குகிற தண்ணீர் போதும், ஒரு வாரம் பத்து நாளில் முட்டை நுளம்பாகிவிடும் என்று என் வாயால் சொன்னேன். பின்னேரம் மழை பெய்தது. நாங்கள் பஸ் ஏறும்போது அந்தக் கப்புகளில் தண்ணீர் நிறைந்து கிடந்தது.

நான்கு வயது இருக்கும், ஒரு பையன் கிளவுஸ் ஒன்றை ஊதிப் பலூன் மாதிரி கையில் வைத்துக்கொண்டு ஓடினான். அது புதியதா, யாரோ இரத்தம் எடுக்கும்போது போட்டதா என்று எனக்குத் தெரியாது. ஓடிப்போய்ப் பிடுங்கினேன். அவன் அழுதான்.

நமக்குக் குப்பை பிரிக்கத் தெரியாதா? மஞ்சள் பை தொற்றுக் கழிவுக்கு, மஞ்சளில் சிவப்புக் கோடு ஊசிக்கு, கறுப்பு சாதாரணக் குப்பைக்கு. வார்ட்டில் மாற்றிப் போட்டால் சிஸ்டர் விடமாட்டார். ஊசிப் பெட்டியைப் பத்திரமாக மூடி பஸ்ஸில் ஏற்றினோம், அது உண்மை. ஆனால் ஆஸ்பத்திரிக் கழிவில் ஏறக்குறைய 85 வீதம் சாதாரணக் குப்பைதான் என்று நாமே படித்திருக்கிறோம். அந்த 85 வீதத்தைத்தான் மலையிலே விட்டுவிட்டு வந்தோம். கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவந்திருக்க வேண்டும். நான் சொல்வது இவ்வளவுதான்.

"லீவு நாளில் இலவசமாகப் போய் வேலை செய்தோம், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே" என்று ஒருவர் எழுதியிருந்தார். சரி, சொல்கிறேன். நல்ல வேலைதான் செய்தோம். பிரஷர் இருப்பதே தெரியாமல் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கண்டுபிடித்தோம். அதற்காக நானும் சந்தோஷப்படுகிறேன். ஆனால் வைத்தியம் பார்த்ததற்குக் கூலியாகக் குப்பையை அவர்கள் தலையில் கட்டலாமா?

"நாலு லன்ச் சீட்டால் உலகம் அழியுமா?" உலகப் பச்சைவீட்டு வாயுக்களில் 4.4 வீதம் சுகாதாரத் துறையிலிருந்து போகிறது என்று நம் பிரசன்டேஷனிலேயே ஒரு ஸ்லைட் இருந்தது. அதை விடுங்கள். அந்தக் கான் ஓடையில் விழுகிறது, ஓடை மகாவலியில் விழுகிறது. நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை தாண்டிக் கண்டிக்கு வருகிறது. கண்டியில் குழாயைத் திறந்தால் நாம் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

மூன்றாவது கேள்விக்குத்தான் எனக்கு நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை. "தோட்டத்துச் சனமே கானில்தானே குப்பை போடுகிறார்கள், அவேர்னஸ் வேண்டியது அவர்களுக்குத்தான்." போடுகிறார்கள். இல்லை என்று சொல்லவில்லை. வேறு எங்கே போடுவது? டவுனில் வாசலுக்கே குப்பை டிரக்டர் வருகிறது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித்தான் தோட்டங்களுக்குள் சபைக் காசைச் செலவழிக்க முடியாது என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். நான் வளர்ந்த எங்கள் லயத்துக்கு இன்றுவரை டிரக்டர் ஏறவில்லை. நமக்கு அப்படியா? பஸ் இருந்தது, பஸ்ஸில் இடம் இருந்தது, இறங்கும் இடத்தில் கலர் கலராகத் தொட்டி இருந்தது.

அவேர்னஸ் இல்லாத சனம் என்று சொன்னவர் என் அம்மாவின் குசினியைப் பார்த்ததில்லை. பால்மா பைக்கட்டைக் கழுவி அதில்தான் மிளகாய் நாற்றுப் போடுவார். உரச் சாக்கைக் கழுவித் தைத்துக் கதவுக்குத் திரை போட்டிருக்கிறார். இரண்டாம் வகுப்பு வரை எனக்குப் புத்தகப் பையும் அதே சாக்குதான். வறுமையை நான் பெருமை பேசவில்லை, அந்தப் பை தோளை அறுக்கும். ஆனால் ஒரு பொருளை வீசுவதற்கு முன் மூன்று முறை யோசிக்கிற ஒருவருக்கு நான் போய் என்ன கற்றுக்கொடுக்கப் போகிறேன்?

கம்பஸுக்கு வரும்போது அம்மா ஒரு சில்வர் சாப்பாட்டுப் பெட்டி வாங்கித் தந்தார். இரண்டு முழு நாள் வேலையின் சம்பளம், எனக்குத் தெரியும். முதல் கிழமை அதில் ரொட்டியும் சம்பலும் கொண்டுபோனேன். மற்றவர்கள் எல்லாரும் பார்சல் வாங்கினார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் எனக்கு வெட்கமாக இருந்தது. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு மூன்று வருடம் நானும் பார்சல்தான் சாப்பிட்டேன். அந்த 38இல் ஒன்று என்னுடையது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியது எல்லாம் பொய்யாகிவிடும்.

படம் எடுத்த பிறகு நானும் நம்மோடு வந்த இன்னொரு பிள்ளையும் கானில் இறங்கிப் பொறுக்கத் தொடங்கினோம். பஸ்ஸில் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். மலையிலிருந்து அப்போதுதான் இறங்கிய ஒரு ஆயா, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குகூட இன்னும் அவிழ்க்கவில்லை, என் கையிலிருந்த லன்ச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டார். அறுபதுக்கு மேல் இருக்கும்.

"டாக்டர் புள்ள இதெல்லாம் தொடக்கூடாதுமா. விடுங்க, நாங்க பாத்துக்கிறோம்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்கள் பஸ் ஏறிவிட்டோம். வளைவு திரும்பும்போது பார்த்தேன், அவர் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார், பக்கத்தில் அந்தப் பையனும்.

அடுத்த மாதக் கேம்ப்புக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன். வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். வந்தால் அம்மாவிடம் இரண்டு சாக்கு வாங்கி வருவேன். பெட்டியையும் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கழுவி வைத்திருக்கிறேன், மூடி கொஞ்சம் இறுகிப்போய்விட்டது.