எக்ஸ்டர்னல் ஐபி வந்துருச்சாம், கும்பிட்டுக்குங்க

வந்துருச்சு. எடை போடுற புரோகிராம் மூணு மினி பிசியை ஒண்ணாக் கட்டுன குபெர்நெட்டிஸ் கிளஸ்டர்ல ஓடுது, வெளியேருந்து அதைத் தொடுற விலாசம்தான் எக்ஸ்டர்னல் ஐபி. கியூப்சிடிஎல் (கிளஸ்டரை விசாரிக்குற கமாண்ட்) கெட் சர்வீஸ் அடிச்சா எக்ஸ்டர்னல் ஐபி பத்தியில 192.168.10.240னு அம்சமா நிக்குது. "இன்னும் வரல"ங்குற பெண்டிங்கைக் காணோம். சரி, பிரவுசர்ல போட்டா? வட்டம் சுத்துது. சுத்திக்கிட்டே இருக்கு. கீழ மூணு லாரி செம்பனைக் குலையோட எடைக்கு நிக்குது, கவுண்டர் ஸ்கிரீன் வெள்ளையா முழிக்குது, லாரிக்கார அண்ணன் ஹார்ன்ல கையை வச்சா எடுக்க மாட்டேங்குறாரு. வெட்டுன குலை 24 மணி நேரத்துக்குள்ள ஆலைக்குப் போகலைனா எண்ணெய்ல அமிலம் ஏறிடும். இங்க என்னடான்னா ஒரு நம்பர் வந்ததுக்கே பூஜை போடணுமாம்.

தோட்டத்துல வளர்ந்தவங்களுக்கு ஒரே வரியில புரியும்: செக்ரோல்ல (சம்பளப் பதிவேட்டுல) பேரு இருக்கு, பெரட்டுக்கு (காலை ஆள் கணக்குக்கு) ஆள் வரல.

மெட்டல்எல்பில (கிளஸ்டருக்கு வெளி ஐபி குடுக்குற மென்பொருள்) ஐபிஅட்ரஸ்பூல்னு ஒரு யாமல் (அமைப்பு எழுதுற ஃபைல்) எழுதுனா அது நம்பரைத் தூக்கிக் குடுத்துரும். அவ்வளவுதான் அதோட வேலை. அந்த நம்பர் எங்க இருக்குனு வெளிய கூவுறதுக்கு எல்2அட்வர்டைஸ்மென்ட் (அதே லேன்ல கூவுறது), இல்லைனா பிஜிபிஅட்வர்டைஸ்மென்ட் (ரூட்டருக்கு வழி சொல்றது)னு தனியா இன்னொரு யாமல் வேணும். அது இல்லைனா ஒரு எரராவது காட்டலாம்ல? காட்டாது. பேசாம இருக்கும். தேடிப் பார்த்தா கான்ஃபிக்மேப்ல (குபெர்நெட்டிஸ்ல அமைப்பை எழுதி வைக்குற பொது டப்பா) எழுதச் சொல்ற பழைய வழிகாட்டிதான் முதல்ல வந்து நிக்குது. 2022ல மெட்டல்எல்பி 0.13 வந்தப்பவே அந்தக் கான்ஃபிக்மேப்பைத் தூக்கிட்டாங்க. இப்ப அதை அப்ளை பண்ணிப் பாருங்க, "கிரியேட்டட்"னு சிரிச்ச முகத்தோட பதில் வரும். ஏன் வராது? குபெர்நெட்டிஸுக்கு அது ஒரு கான்ஃபிக்மேப், அவ்வளவுதான். யாரும் படிக்கலைனா அதுக்கென்ன வந்துச்சு?

எல்2வே போதுமேனு கேக்குறவங்க கொஞ்சம் உக்காருங்க. எல்2ல ஒரு ஐபிக்கு ஒரே ஒரு நோடுதான் (கிளஸ்டர்ல ஒரு மெஷின்) ஏஆர்பிக்கு ("இந்த ஐபி யாருது?"னு லேன்ல கேக்குற கேள்வி) பதில் சொல்லும், மொத்த டிராஃபிக்கும் அது தலையில. மத்த ரெண்டும் வாசல்ல நின்னு வேடிக்கை பார்க்கும். லாரி எடைக்கு அதுவே தாராளம்தான், ஒத்துக்கறேன். ஆனா "மூணு மினி பிசி காசு குடுத்து வாங்கியிருக்கு, மூணும் வேலை செய்யணும், பிஜிபி போடு"னு மேல இருந்து உத்தரவு. மேல இருக்குறவங்களுக்கு ஏஆர்பினா அரிசி விலைனு நெனப்பு.

சரி, பிஜிபி. ரூட்டர் லினக்ஸ் போட்ட பழைய பிசி, அதுல எஃப்ஆர்ஆர் (பிஜிபி பேசுற மென்பொருள்) ஓடுது, ஐபி 192.168.10.1. நோடுங்க ஐபியோட கடைசி எண் 11, 12, 13. பிஜிபில ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏஎஸ்னு ஒரு அடையாள எண் வேணும்: ரூட்டருக்கு 64512, கிளஸ்டருக்கு 64513. ரெண்டுமே சொந்த உபயோகத்துக்குன்னு ஒதுக்குன எண்கள். பிஜிபிபியர்ங்குற யாமல்ல மைஏஎஸ்என் (நம்ம எண்), பியர்ஏஎஸ்என் (எதிர்ப்பக்க எண்), பியர்அட்ரஸ் (எதிர்ப்பக்க ஐபி) மூணையும் எழுதியாச்சு. ரூட்டர்ல ஷோ பிஜிபி சம்மரி அடிச்சா மூணு நோடுக்கும் நேரா "ஆக்டிவ்".

ஆக்டிவ்! பார்த்ததும் மனசு குளுந்துரும். குளுரக் கூடாது. பிஜிபில ஆக்டிவ்னா "இன்னும் கனெக்ஷன் கிடைக்கல, முட்டி மோதிக்கிட்டு இருக்கேன்"னு அர்த்தம். இந்தப் பேரை வச்ச புண்ணியவான் கையில கெடைச்சா ஒரே ஒரு கேள்வி கேக்கணும். பிஜிபி பேசுற 179ஆம் டிசிபி போர்ட்டை ஃபயர்வால் அடைச்சு வச்சிருந்தாலும் ஆக்டிவ். மைஏஎஸ்என்னையும் பியர்ஏஎஸ்என்னையும் மாத்திப் போட்டிருந்தா ஐடிலுக்கும் ஆக்டிவுக்கும் நடுவுல ஊஞ்சல். லாக்ல மட்டும் "பேட் பியர் ஏஎஸ்"னு முணுமுணுக்கும். யாமலைப் படிக்குறப்ப "மை"ங்குறது கிளஸ்டர், ரூட்டர் இல்லைனு பத்து தடவை சொல்லிக்கணும்.

போர்ட்டைத் தொறந்தாச்சு. எஸ்டாப்ளிஷ்ட், அதாவது தொடர்பு கிடைச்சாச்சு. அப்பாடானு கோப்பியைக் கையில எடுத்தா, எத்தனை ரூட் வந்துச்சுனு எண்ணிக்கை காட்டுற இடத்துல நம்பருக்குப் பதிலா அடைப்புக்குறிக்குள்ள "பாலிசி"னு ஒரு சொல். ஆர்எஃப்சி (இணைய விதி ஆவணம்) 8212, 2017. வெளி ஏஎஸ்கூடப் பேசுறப்ப எதை வாங்கணும், எதைக் குடுக்கணும்னு பாலிசி எழுதலைனா எதையும் வாங்காதே, குடுக்காதேங்குது. எஃப்ஆர்ஆர் 7.4லேருந்து இதுதான் தானாவே ஆன். ரெண்டு பேரும் கை குலுக்கிட்டாங்க, ஆனா வாயைத் தொறக்க மாட்டாங்க. சம்பந்தி வீடு மாதிரி.

இதுக்கு ஊர்ல சொல்ற வைத்தியம், "நோ பிஜிபி ஈபிஜிபி ரிக்வயர்ஸ் பாலிசி"னு ஒரு வரி போட்டு மூடிவிடுறது. போடாதீங்க. நாளைக்கு எவனாவது பூல்ல கேட்வே (ரூட்டரோட) ஐபியையே எழுதி வைப்பான், ரூட்டர் அதையும் நம்பி வாங்கிக்கும். பிரிஃபிக்ஸ் லிஸ்ட் (அனுமதிக்குற ரேஞ்சுங்க பட்டியல்) எழுதி ரூட் மேப்ல (எதை வாங்கணும்ங்குற விதியில) கட்டுறதுதான் மொறை. அதுலயும் ஒரு குழி இருக்கு: பூல் ரேஞ்சை வெறும் /24னு (256 விலாசம் கொண்ட ரேஞ்ச்) எழுதுனா சரியா /24ஆ வர்ற ரூட்டுக்குத்தான் அனுமதி. மெட்டல்எல்பி அனுப்புறது ஒவ்வொரு ஐபிக்கும் தனித்தனி /32 (ஒத்தை விலாசம்). அதனால கடைசியில "எல்இ 32" (/32 வரைக்கும் சரி) சேர்க்கணும். சேர்க்கலைனா? எரர் வராது. இந்த ஊர்ல எதுக்கும் எரர் வராது.

சேர்த்தாச்சு. ரூட்டர்ல 192.168.10.240/32, மூணு நோடுக்கும் வழி. ரூட்டர்லயே உக்காந்து கர்ல் (பக்கத்தைக் கேக்குற கமாண்ட்) அடிச்சா பக்கம் வருது! லாரிக்கார அண்ணனுக்குக் கை காட்டியாச்சு. கவுண்டர் பிசில தட்டுனா வட்டம்.

இங்கதான் பொறுமை செத்துச்சு. மெதுவாப் பார்க்கலாம், அது எப்படிச் செத்துச்சுனு. கவுண்டர் பிசியோட ஐபி 192.168.10.57, மாஸ்க் /24 (192.168.10ல ஆரம்பிக்குறதெல்லாம் ஒரே லேன்னு அர்த்தம்). அதுக்குத் தேவை 240. மாஸ்க்கைப் பார்க்குது. "அட, நம்ம லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) ஆளுதானே, எதுக்கு ரூட்டர்கிட்டப் போகணும்?" கேபிள்ல கூப்பிடுது: யாருப்பா 240? ஒருத்தரும் வாயத் தொறக்கல. இது பிஜிபி மோடு, ஏஆர்பிக்குப் பதில் சொல்ற வேலை எந்த நோடுக்கும் இல்ல. மறுபடி கூப்பிடுது. யாருப்பா 240? ரூட்டருக்குத் தெரியும், மூணு வழி மனப்பாடமா வச்சிருக்கு, ஆனா அதை யாரும் கேக்கல. மூணு நோடுக்கும் தெரியும், அதுங்களையும் கேக்கல. அத்தனை பேருக்கும் விலாசம் தெரியும், தேடி வந்தவன் மட்டும் லயத்து முனையில நின்னு கத்திக்கிட்டு இருக்கான். பிஜிபி பூலை லேன் ரேஞ்சுக்குள்ள வைக்கக் கூடாது, யாரும் பொழங்காத தனி ரேஞ்சா இருக்கணும். இந்த ஒரு வரியைக் கொட்டை எழுத்துல எழுதி ஒட்டுனா எத்தனை பேரு மத்தியானச் சோத்தை நேரத்தோட தின்னுருப்பான்.

பூலை 10.77.0.0/24னு மாத்தியாச்சு. இப்ப பிசி ஒழுங்கா ரூட்டர்கிட்டப் போகுது. வேலை செய்யணும்ல? செய்யல லா.

எஸ்ஒய்என் (கனெக்ஷன் கேக்குற முதல்) பாக்கெட் பிசியிலேருந்து ரூட்டர், ரூட்டர்லேருந்து நோடு. நோடு பதில் போடணும். யாருக்கு? 192.168.10.57க்கு. நோடும் அதே லயம்தானே, ரூட்டரைச் சுத்தாம நேரா பிசி வீட்டுக் கதவைத் தட்டிக் குடுத்துருச்சு. பிசி "கிடைச்சுது"னு ஏசிகேவை மறுபடி ரூட்டர் வழியா அனுப்புது. ரூட்டரோட ஃபயர்வால் பார்க்குது: நீ கேள்வி கேட்டதைப் பார்த்தேன், பதில் வந்ததைப் பார்க்கவே இல்லையே, எதுக்கு நன்றி சொல்ற? இன்வேலிட். குப்பையில போடு. இன்வேலிடை டிராப் பண்றது நல்ல ஃபயர்வால் செய்ற வேலைதான், அதைத் திட்டவும் வழியில்ல. நோடையும் பிசியையும் வேற வேற விலேன்ல (ஒரே வயரிங்ல பிரிச்ச தனி நெட்வொர்க்) போட்டா போற வழியும் வர்ற வழியும் ரூட்டராவே இருக்கும். நோடுங்களை நகர்த்தப் போயிராதீங்க. கண்ட்ரோல் பிளேன் (கிளஸ்டரோட மூளை) ஐபி மாறுனா சர்டிஃபிகேட், இடிசிடி (அதோட டேட்டாபேஸ்)னு தனி எழவு. பிசிங்க டிஎச்சிபிதானே (தானா ஐபி வாங்கிக்கும்), அதுங்களை 192.168.20க்குத் தள்ளுங்க.

இந்த நேரம் பார்த்து ஒருத்தர் தோள் மேல எட்டிப் பார்த்து, "தம்பி, பிங் பண்ணிப் பாத்தீங்களா?" பிங்! சர்வீஸ்ல எழுதுன போர்ட்டுக்குத்தான் கியூப் பிராக்ஸி (நோட்ல டிராஃபிக்கைத் திருப்பி விடுற புரோகிராம்) வழி காட்டும், பிங்குக்கு நோட்ல ஆளே கிடையாது. நோடு அதை "என்னுது இல்ல"னு ரூட்டருக்கே திருப்பும், ரூட்டர் "உன்னுதுதான்"னு நோடுக்கே திருப்பும். கிராணியை (தோட்டத்து ஆபீஸ் கிளார்க்கை) கேட்டா கங்காணிங்குறாரு, கங்காணியைக் கேட்டா கிராணிங்குறாரு. கடைசியில டைம் டு லிவ் எக்ஸீடட் (சுத்திச் சுத்திப் பாக்கெட்டுக்கு ஆயுசு முடிஞ்சது). எல்லாம் சரியா ஓடுற கிளஸ்டர்லயும் இதே கூத்துதான் நடக்கும். பிங்கை விடுங்க, கர்ல் அடிங்க.

அப்புறம், ஒரு நோடோட பிளக்கைப் புடுங்கிப் பார்த்துட்டுத்தான் "முடிஞ்சுது"னு சொல்லணும். ஹோல்ட் டைம் (சத்தம் வராம எவ்வளவு நேரம் பொறுக்கணும்ங்குறது) 90 நொடினு வச்சிருந்தா, செத்த நோடை ரூட்டர் ஒன்றரை நிமிஷம் வரைக்கும் உசுரோட இருக்குறதா நம்பி மூணுல ஒரு பங்கு கனெக்ஷனை அங்கயே அனுப்பும். ஒரு லாரி ஏறும், ஒரு லாரி ஏறாது. பிஎஃப்டி (எதிர்ப்பக்கம் உசுரோட இருக்கானு வேகமாச் சோதிக்குற வழி) போட்டா 300 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை விசாரிச்சு, மூணு தடவை பதில் இல்லைனா வெட்டிரும். ஆனா மெட்டல்எல்பி எஃப்ஆர்ஆர் மோடுல ஓடுனாத்தான் அது கிடைக்கும்.

ஓடுது. ஆமா, இப்ப ஓடுது. எடை ஏறுது, ஹார்ன் நின்னுருச்சு. சீட்டு அடிக்குற பிரிண்டரை மட்டும் காணோம். பிசிங்க புது விலேனுக்குக் குடி போயிருச்சு, பிரிண்டர் பழைய லயத்துலயே கெடக்கு. தானா தேடிப் புடிக்குற பிராட்காஸ்ட் ரூட்டரைத் தாண்டாது. கவுண்டர் அக்கா சீட்டைக் கையால எழுதிக் குடுத்துட்டு, "இதுக்குத்தானா தம்பி காலையிலேருந்து?"ங்குறாங்க. சிரிப்புதான் வருது. வேற என்ன வரும்?

அது கெடக்கட்டும். பொங்குஸ் (பார்சல்) வாங்குன தே தாரிக் (பால் டீ) பையை ராஃபியா கயிறு போட்டு ஏன்யா இப்படி இறுக்குறீங்க? நகம் பேந்து போச்சு, முடிச்சு அவுரல. பல்லால கடிச்சா சுடச் சுட சட்டையில.