டேக்குன்னா கேக் இல்ல

பாறை ஏறுறப்ப மேல இருந்து ஒருத்தி, கயித்த இறுக்குங்கற அர்த்தத்துல "டேக்!"னு கத்துறா. கீழ நாலு பேரு கோரஸா, "கேக்கா? யாருக்குப் பொறந்த நாளு?" பக்கத்துக் கயித்துல ஒருத்தன், கயித்தத் தளர்த்தச் சொல்லி "லூசு விடு!"ங்கறான். உடனே, "யார்றா லூசு?" ஞாயித்துக்கிழமை காலையில எந்தப் பாறைக்குப் போனாலும் இதேதான். முதல் தடவை சிரிச்சோம். இருநூறாவது தடவையும் அதையே சொல்லிட்டு, சிரிக்காதவனப் பாத்து "என்ன மச்சா, இவ்ளோ சீரியஸு?"ன்னு கேக்குறீங்க பாருங்க, அங்கதான் வயிறு எரியுது.

கிண்டல் வேண்டாம்னு யாரும் சொல்லல. வெடியக்காலை நாலரைக்கு எந்திரிச்சு, இருட்டுல பைக்க ஓட்டிட்டு வந்து, ஒம்போது மணிக்குள்ள வெயில் ஏறிப் பாறை சுடறதுக்கு முன்னாடி நாலு ரூட் ஏறிட்டுப் போறோம்னா, பாதி காரணம் இந்தக் கூட்டம்தான். பேரு தெரியாது, பட்டப்பேருதான் தெரியும்னு எத்தனை பேரு இருக்கோம். ஒருத்தன் ஷூவ இன்னொருத்தன் கால்ல மாட்டி ஏறுறோம். அந்தப் பாசத்துல ஒரு குறையும் இல்ல. ஆனா ஒருத்தர் கயித்துல இருக்கறப்ப, அந்தக் கயித்துல போற வார்த்தைய எடுத்து விளையாடாதீங்க. கேக்கறது அது ஒண்ணுதான்.

ஏன்னு சொல்றேன். நம்ம ஊரு மத்த ஊரு மாதிரி இல்ல. ஒரு கயித்துக்கு தர்மபுரிக்காரன் ஒருத்தன், பர்கூர்ல இருந்து வீட்டுல தெலுங்கு பேசுறவன் ஒருத்தன், ஓசூர்ல இருந்து கன்னடம் பேசுறவ ஒருத்தி. நல்ல விஷயந்தான், சாப்பாட்டு டப்பாவுல மூணு ருசி வரும். ஆனா பதட்டத்துல வாயில வர்றது தாய்மொழி. தமிழ்ல "பிடி"ன்னா பிடிச்சுக்கோ. கன்னடத்துல "பிடு"ன்னா விட்டுடு. தமிழ் எழுத்துல எழுதிப் பாத்தா கடைசி உயிரெழுத்து ஒண்ணுதான் வித்தியாசம், அர்த்தம் தலைகீழ். தூரத்துல, காத்துல, உச்சந்தலையில ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு நிக்கறவனுக்கு இ எது, உ எதுன்னு கேக்குமா?

தமிழ்லயே பேசுனாலும் தப்பிக்க முடியாது. "விடாதே"ங்கறதுல உயிர் இருக்கறதே பின்பாதியில. காத்து அந்தப் பின்பாதிய அடிச்சுட்டுப் போனா கீழ விழறது "விடு" மட்டுந்தான். தனித்தமிழ்ல கூப்பிடலாம்னு ஆசைப்பட்டு "இறுக்கு", "இறக்கு"ன்னு வெச்சுக்கறாங்க சில பேரு. நல்ல ஆசை, பயங்கரமான தேர்வு. ஒண்ணு கயித்த இழுத்துப் பிடிக்கச் சொல்றது, இன்னொண்ணு ஆளையே கீழ விடச் சொல்றது, நடுவுல ஒரே ஒரு எழுத்து. இங்கிலீசுலயும் இதே கோளாறு உண்டு. "டேக் அப் ஸ்லாக்"னு நீட்டிக் கத்துனா கீழ கேக்கறது "ஸ்லாக்" மட்டும். இறுக்கச் சொன்னா தளர்த்துவான்.

அதனாலதான் தரையில நிக்கும்போதே வார்த்தைய முடிவு பண்ணணும்னு தொண்டை வறளக் கத்துறோம். இறுக்கிப் பிடிக்க "டேக்", ஒரே அசை, இழுத்து, ஒரே தடவை. கயிறு வேணும்னா "லூசு", ரெண்டு அசை. இறக்கணும்னா "கீழே". எதுவா இருந்தாலும் முன்னாடி பிலே பண்றவங்க, அதாவது கீழ நின்னு கயித்தப் பிடிக்கறவங்க, பேரு. ஒரு பாறையில மூணு கயிறு தொங்குது, மூணு கார்த்தி நிக்கறான்னா, பட்டப்பேரு அங்கதான் உசுரு காக்குது. "பல்லி, டேக்!"னா பல்லி மட்டும் இறுக்குவான், மத்தவன் கை அசையாது. பல்லி கயித்த இழுத்து, பிரேக் கைய, அதாவது கயிறு ஓடாம பிடிச்சிருக்கற கைய, இடுப்புக்குக் கீழ வெச்சு, எடைய வாங்கிட்டு, "பிடிச்சாச்சு"ன்னு திருப்பிச் சொல்லணும். அது காதுல விழற வரைக்கும் மேல இருக்கறவங்க கைய எடுக்கக் கூடாது. இவ்வளவுதான் முறை. இதுக்கு நடுவுல நீ "கேக்கா?"ன்னு கத்துனா, "பிடிச்சாச்சு" எங்கடா கேக்கும்?

அடுத்தது, பிலே பண்றவன்கிட்டப் போயி நின்னு கதை அளக்கறது. டாப் ரோப்தானே, மேல கயிறு இருக்கு, விழுந்தா தொங்கப் போறான், என்ன ஆகிடும்னு ஒரு நெனப்பு. கணக்கு பாருங்க. ஆங்கர், அதாவது மேல கயிறு மாட்டியிருக்கற இடம், 25 மீட்டர் உயரத்துல. ஏறுறவர் தரையில இருந்து 3 மீட்டர் ஏறியிருக்கார். அவர் இடுப்புல இருந்து ஆங்கருக்கு 22, அங்கிருந்து பிலே பண்றவன் இடுப்புக்கு 24, மொத்தம் 46 மீட்டர் கயிறு ரெண்டு பேருக்கும் நடுவுல. டைனமிக் கயிறு நீளும், நீளணும், அதுக்குத்தான் அது டைனமிக். 80 கிலோ தொங்கவிட்டா 10 சதவீதம் வரைக்கும் நீளலாம்னு தரவிதியே இடம் கொடுக்குது. 6 சதவீதம்னு வெச்சாலே ரெண்டே முக்கால் மீட்டர். ஆங்கர்ல உரசல் கொஞ்சம் தாங்கினாலும், இதோட அரை மீட்டர் லூசு சேந்தா குதிகால் நேரா கல்லுல. மேல 20 மீட்டர்ல விழறவன் ஊஞ்சலாடிட்டு சிரிப்பான், 3 மீட்டர்ல விழறவனுக்குத்தான் கணுக்கால் போகும். நீங்க வந்து பேச்சு கொடுக்கறது எப்போ? சரியா அந்த முதல் 3 மீட்டர்ல, ஆளு இன்னும் கைக்கெட்டுற உயரத்துல இருக்கும்போது, "என்னடா இவன் காலு இப்படி டைப் அடிக்குது"ன்னு.

பிலே பண்றவனுக்கு அந்த நேரத்துல வேலை என்ன தெரியுமா? இழு, பிரேக் கையக் கீழ கொண்டுபோ, இன்னொரு கையால பிரேக் கைக்கு அடியில பிடி, பிரேக் கைய மேல நகத்து. மறுபடி இழு. பிரேக் கை கயித்த விட்டு ஒரு நொடி கூட எழும்பக் கூடாது. நீ சொன்ன ஜோக்குக்குக் கை தட்டறதுக்கு எந்தக் கையத் தூக்குவான்? "க்ரிக்ரி இருக்குதே, அதுவே லாக் ஆகிடும்"னு, கயித்தத் தானா பிடிக்கற பிலே கருவியக் காட்டி பதில் வரும். லீடு ஏறுறவனுக்கு, அதாவது மேல கயிறு இல்லாம முதல்ல ஏறுறவனுக்கு, கயிறு கொடுக்கறப்ப கட்டை விரலால கேம, கயித்த நெரிக்கற அந்தப் பாகத்த, அமுக்கிக்கிட்டே திரும்பிச் சிரிக்கறவன் கையில அது லாக் ஆகாது. அமுக்கி வெச்சிருக்கற வரைக்கும் அது வெறும் இரும்பு. கயிறு ஓட ஆரம்பிச்சா பயத்துல இன்னும் இறுக்கி அமுக்குவான், அதுதான் மனுச சுபாவம். அதச் செய்யற பெட்செல் கம்பெனிக்காரனே பிரேக் கைய விடாதேன்னுதான் சொல்றான்.

இறக்கறப்பவும் அப்படித்தான். 60 மீட்டர் கயிறுன்னா, மேல போயி திரும்பிக் கீழ வரணும்ல, ஏற முடியறது 30 மீட்டர்தான். நம்ம கருங்கல் சரிவுங்க 30 மீட்டரோட நிக்கறதில்ல. பேச்சு சுவாரசியத்துல இறக்கிட்டே இருந்து, கயித்து முனை பிலே டிவைஸ் வழியா நழுவிப் போனா, பிடிக்க எதுவும் மிச்சமிருக்காது. முனையில ஒரு முடிச்சு போட பத்து நொடி. அதப் போடறவனப் பாத்து "பயந்தாங்கொள்ளி"ன்னு பேரு வெக்கறீங்க. வெக்கமா இல்லயா?

எல்லாத்தையும் விட எரிச்சல் எது தெரியுமா? ஏறறதுக்கு முன்னாடி முடிச்ச செக் பண்ண வந்தா, "என்ன தம்பி, என் மேல நம்பிக்கை இல்லையா?"ங்கறது. பத்து வருசமா ஏறுற அண்ணன் கேட்டா, நேத்து வந்த பையன் வாயே திறக்க மாட்டான். மரியாதைங்கற பேருல அவன் வாய அடைச்சாச்சு. அண்ணா, உங்க மேல நம்பிக்கை இருக்கு. எட்டு வடிவத்துல நீங்க போட்ட அந்த எட்டு முடிச்சு மேலதான் சந்தேகம். 1989-ல பிரான்ஸ்ல பியூக்ஸ்ங்கற பாறையில லின் ஹில் விழுந்தாங்க. பாறை ஏறறதுல அன்னைக்கு உலகத்துலயே முதல் வரிசை ஆளு. முடிச்சு போட ஆரம்பிச்சு, நடுவுல கவனம் மாறி, முடிக்காமலே ஏறிட்டாங்க. உச்சியில இறங்கறதுக்குச் சாய்ஞ்சப்போ கயிறு நழுவி, 70 அடிக்கு மேல விழுந்தாங்க. மரக்கிளை தாங்குனதுல உசுரு பொழச்சாங்க. 1993-ல அமெரிக்காவுல எல் கேப்பிடான் பாறையில நோஸ்ங்கற பாதைய முதல் ஆளா ஃப்ரீயா, அதாவது கயித்தையோ கருவியையோ பிடிச்சுத் தொங்காம, ஏறுனதும் அவங்கதான். அந்தக் கைக்கே ஒரு நிமிசம் மறந்துச்சுன்னா, நம்ம கை எம்மாத்திரம்?

செக்குன்னா கண்ணால பாத்துட்டுத் தலையாட்டறது இல்ல, தொட்டுப் பாக்கறது. கயிறு ஹார்னஸ்ல, அதாவது இடுப்புல மாட்டுற பட்டையில, இடுப்புப் பக்கமும் கால் பக்கமும் இருக்கற ரெண்டு காது வழியாவும் போயிருக்கான்னு விரல விட்டுப் பாரு. ஒரே காதுல மாட்டிட்டு ஏறுறவங்க இருக்காங்க. எட்டு முடிச்சுல இழை ரெண்டு ரெண்டா, அஞ்சு இடத்துலயும் ஜோடியா, பின்னிக்காம ஓடணும். மிச்ச வால் கயித்துப் பருமனப் போல பத்து மடங்கு, 10 மில்லிமீட்டர் கயித்துக்கு 10 சென்டிமீட்டர், மூடுன முஷ்டி அகலம். பக்கிள்ல பட்டை திரும்பி வர்ற வகை ஹார்னஸ்னா அது திரும்பி வந்திருக்கணும். அப்புறம் எதிர்ப்பக்கம்: டிவைஸ்ல கயிறு சரியான திசையில போயிருக்கா, காராபைனர்ங்கற கொக்கி பூட்டியிருக்கா, அமுக்கிப் பாரு, வாய் திறந்தா பூட்டல. கடைசியா கயித்த ஒரு இழு இழுத்து பிரேக் பிடிக்குதான்னு பாரு. மொத்தமே முப்பது நொடி. "வெயில் ஏறுது, சீக்கிரம்"னு சொல்றவங்களுக்கு அந்த முப்பது நொடியில வெயில் எவ்ளோ ஏறிடும்?

செக் நடக்கறப்ப மட்டுமாவது வாய மூடுங்க. முடிச்சு போடறவங்களக் கூப்பிடாதீங்க, சாவி எங்க, தண்ணி எங்கன்னு கேக்காதீங்க. பாதி முடிச்சுல ஆள எழுப்புனா அவங்க முதல்ல இருந்து அவுத்துப் போடணும். பாதியில இருந்து தொடரக் கூடாது.

புதுசா வர்ற பொண்ணுங்க, பையங்களக் கலாய்க்கறது தனிக் கொடுமை. சரிவுப் பாறையில பயந்தா உடம்பு பாறையக் கட்டிப் பிடிக்கும். கட்டிப் பிடிச்சா எடை காலுக்குப் போகாது, ரப்பர் அழுந்தாது, கால் வழுக்கும். இடுப்ப வெளிய தள்ளி, குதிகாலத் தாழ்த்தி, கால் மேல நின்னாத்தான் கருங்கல் பிடிக்கும். இத ஒருத்தர் மெதுவாச் சொன்னாப் போதும். ஆறு பேரு ஆறு திசையில இருந்து "இடது கால்", "அந்த ஓட்டை", "அய்யோ அது இல்ல"ன்னு கத்தி, கூட சிரிக்கவும் சிரிச்சா, அவங்க இன்னும் இறுக்கிக் கட்டிப் பிடிப்பாங்க. அடுத்த வாரம் வர மாட்டாங்க. அப்புறம், "நம்ம மாவட்டத்துல ஏற ஆளே இல்ல"ன்னு புலம்புவீங்க.

"கல்லு!"ன்னு சும்மா கத்துறவங்களுக்கு மன்னிப்பே கிடையாது. இந்தக் குன்றுங்க வெயில்லயும் மழையிலயும் தோல் உரிஞ்சு ஏடு ஏடா நிக்குது. தட்டுனா டொக்குன்னு பானை மாதிரி சத்தம் வர்ற ஏடு ஒரு நாள் வந்தே தீரும். அப்போ "கல்லு"ங்கற ஒரு சத்தத்துக்கு அத்தனை பேரும் மேல பாக்காம பாறையோட ஒட்டணும். பிஸ்கட் பாக்கெட் விழுந்ததுக்கெல்லாம் அந்தச் சத்தத்தப் போட்டு, புலி வருது கதையா ஆக்கி வெச்சிருக்கீங்க. தொங்குபாறைக்கு அடியில மலைத்தேனீ கூடு கட்டியிருந்தா அங்க கல்லெறிஞ்சு வெளையாடறவன அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பணும். அது கலைஞ்சா கயித்துல தொங்கறவருக்கு ஓட இடமில்ல.

பேசறதுக்கு நேரமா இல்ல? நடந்து போற வழியில பேசு. கயித்தச் சுருட்டுறப்ப பேசு. டீக்கடை பெஞ்சுல, மாங்கா சீசன்ல உப்பு மொளகாத்தூள் தொட்டுத் தின்னுட்டே, யார் கால் எப்படி டைப் அடிச்சுதுன்னு நடிச்சே காட்டு, நாங்களும் விழுந்து விழுந்து சிரிக்கறோம். இப்போ மேல பாரு. அவ "டேக்"னு சொல்லி நாலு நொடி ஆச்சு, முன்கை உப்பிப் போச்சு, விரல் ஒண்ணொண்ணாத் திறக்குது. கயித்த இழு, பிரேக் கையக் கீழ வை, "பிடிச்சாச்சு"ன்னு சொல்லு.