கிரீன் மேட் வாங்கும் முன் உடையைப் பாருங்கள்

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கங்களில் குறும்படமும் ஆல்பம் பாட்டும் எடுக்கும் தம்பிகள் பலர், சிஜி காட்சி (நடிகரை ஒரே நிறத் திரைக்கு முன் படமெடுத்து, பிறகு கணினியில் அந்த நிறத்தை நீக்கி வேறு பின்னணி சேர்ப்பது) என்றதுமே பொள்ளாச்சிக்குப் போய்ப் பச்சைத் துணி, அதாவது கிரீன் மேட், வாங்கி வந்துவிடுகிறார்கள். கதையில் யார் என்ன உடுத்துகிறார்கள் என்பது முடிவாகும் முன்பே துணி வந்துவிடுகிறது. நம் ஊர்க் கதைகளுக்குப் பெரும்பாலும் புளூ மேட்டே, அதாவது நீலத் திரையே, பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

பச்சைக்கு நியாயம் உண்டு. பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்களின் சென்சாரில் நான்கு புள்ளிகளுக்கு இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஆகவே பச்சை தெளிவாகப் பதிவாகிறது. குறைந்த வெளிச்சமே போதும். நீலத்துக்குக் கூடுதல் விளக்கு வேண்டும், கிரெயினும் (படத்தில் தெரியும் புள்ளி இரைச்சல்) சற்று அதிகம். ஆனால் பிலிம் காலத்தில் கோலோச்சியது நீலமே. 1940-இல் வந்த ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’ படத்தில் அதைக் கையாண்ட லாரி பட்லர் ஆஸ்கர் விருதும் பெற்றார். மனிதத் தோல் எந்த நிறமானாலும் அதில் சிவப்பு மிகுதி, நீலம் மிகக் குறைவு என்பதால் நீலத்திலிருந்து முகத்தைப் பிரிப்பது எளிது.

இனி நம் உடைக்கு வருவோம். பொன் சரிகைக் கரையிட்ட வெளிர்நிறக் கசவுச் சேலையும் வெள்ளை வேட்டியும் எந்த நிறம் பட்டாலும் வாங்கிக்கொள்பவை. பச்சைத் திரைக்கு முன் நிற்கும் பெண்ணின் முந்தானை மடிப்புகளிலும் கன்னத்தின் ஓரத்திலும் வெளிறிய பச்சை படிந்துவிடும். அதை எடிட்டிங்கில் நீக்கலாமே என்பார்கள். சரிகையின் மஞ்சளிலேயே பச்சைக் கூறு இருப்பதால், படிந்த பச்சையைக் குறைக்கக் குறைக்கப் பொன்னிறம் செம்பு நிறமாகிவிடுகிறது. கழுத்து நகைக்கும் அதே கதிதான். நீலம் படிந்தால் நீக்குவது எளிது, ஏனென்றால் பொன்னில் இழப்பதற்கு நீலம் அதிகம் இல்லை. காட்சியில் வாழையிலையோ நெற்கதிரோ கிளியோ இருந்தால் பச்சைத் திரையை நினைத்தே பார்க்க வேண்டாம்.

நாயகன் ஜீன்ஸோ நீலச் சட்டையோ அணிந்தால் பச்சைதான் சரி. பின்னால் நெல்லியாம்பதிக் காடு வரப்போகிறது என்றாலும் பச்சையே நல்லது, விளிம்பில் மிஞ்சும் சாயல் காட்டோடு கலந்துவிடும். நிலவொளிக் காட்சிக்கு நீலம் அதே உதவியைச் செய்யும்.

எந்த நிறமானாலும், பளபளக்கும் சாட்டின் துணியைத் தயவுசெய்து வாங்காதீர்கள். பளபளப்பில்லாத பருத்தித் துணியே நல்லது. நடிகரைத் திரையிலிருந்து எட்டடியாவது தள்ளி நிறுத்தி, திரைக்குத் தனி விளக்கு வையுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று துணியைச் சும்மா விடாது என்பதால், வெளியில் படமெடுக்கிறவர்கள் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டியே தீரவேண்டும். இன்னொன்று, சாதாரண கேமராக்கள் பல, நான்கு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவலையே பதிவுசெய்கின்றன. பறக்கும் தலைமுடி அறுந்து தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவலைப் பதியும், 4:2:2 எனப்படும் முறையுள்ள கேமராவை வாடகைக்கு எடுக்க முடிந்தால் எடுங்கள். படப்பிடிப்புக்கு முந்தைய நாளே அதே சேலை, அதே நகையோடு யாரையாவது நிறுத்தி, இரண்டு நிறத் துணிகளின் முன்பும் ஒரு நிமிடம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.